நாற்பத்தெட்டாம் கொக்கி

சைக்கிள் ரயிலுக்கு எனக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று சொன்ன அன்று என் மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். “மிதிச்சுக்கிட்டுப் போறதுக்குத்தானே சைக்கிள். அதையும் தூக்கி ரயில்ல வெச்சுக்கிட்டா போவாங்க?” என்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து இப்போது ஆறு மாதமாகிறது.

போகத்தான் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் அந்த ரயில் நகரத்திலிருந்து மலைக்குக் கிளம்பும். வேண்டிய ஸ்டேஷனில் சைக்கிளோடு இறங்கி நாள் முழுக்க ஓட்டுவார்கள். மாலையில் ரயில் கீழே வரும்போது வழியில் எங்காவது ஏறிக்கொள்வார்கள். நடுப்பெட்டி சைக்கிளுக்கென்றே கட்டியது. இருக்கைகளை எடுத்துவிட்டு, இரு பக்கமும் இருபத்துநான்கு, இருபத்துநான்காக நாற்பத்தெட்டுக் கொக்கிகள். முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டி, நடுவில் ஒரு பெல்ட்டை இழுத்துப் பூட்டினால் சைக்கிள் செங்குத்தாகத் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. தேதியும் ஸ்டேஷனும் எழுதிப் பாதியைக் கிழித்து ஹேண்டில்பாரில் கட்ட வேண்டும், மறுபாதியைச் சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும். இதுதான் என் வேலை. ஆறாம் வகுப்புப் படித்தவனுக்கும் வரும்.

முதல் நாள் பெட்டிக்குள் ஏறியபோது கிரீஸும் ரப்பரும் கலந்த வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, ஈரத் துணியை மூடிவைத்துத் திறந்தால் வருமே, அது. சன்னல்களைத் திறந்துவிட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்த கடைசிக் கொக்கியில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கிவைத்திருந்தார்கள்.

“நாப்பத்தெட்டுல எதையும் மாட்டாதீங்க,” என்றார் கார்டம்மா. கடைசிப் பெட்டியில் இருந்துகொண்டு கொடி காட்டும் அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், எந்நேரமும் வாயில் ஒரு இருமல் மிட்டாய். பெட்டிக்குள் காலை வைக்காமல் பிளாட்பாரத்தில் நின்றபடியே சொன்னார்.

“ஏன் மேடம்?”

“கொக்கி லூசு.”

அவர் போனதும் இழுத்துப் பார்த்தேன். நான் தொங்கினால்கூடத் தாங்கும். எனக்கு முன் இருந்தவன் சோம்பேறி போல, வேலையை ஒன்று குறைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவன் தானே எழுதிக் கொடுத்துப் பார்சல் ஆபீசுக்கு ஓடிப்போனான் என்று கேள்விப்பட்டபோதும் எனக்கு உறைக்கவில்லை.

மாலையில் திரும்பும் வழியில் ஒரு நிறுத்தம் உண்டு. இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே ஒரு பிளாட்பாரம், ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் குழாய். வீடு வாசல் எதுவும் கிடையாது. மலைப்பாதை அங்கே வந்து முடிவதால் ஓட்டிக் களைத்தவர்கள் பலர் அங்கேதான் ஏறுவார்கள். வண்டி மூன்று நிமிடம் நிற்கும். எல்லாம் ஏற்றி முடிந்ததும் கார்டம்மா வாக்கி டாக்கியில் “சைக்கிள் பெட்டி, சரியா?” என்பார். நான் “சரி” என்றதும் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும்.

அன்று முப்பத்தொன்று ஏற்றியிருந்தேன். வண்டி கீழ்ச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. சுரங்கத்துக்குள் போனால் பெட்டியின் ஆட்டத்தில் தொங்கும் சக்கரங்கள் எல்லாம் லேசாகச் சுற்றும். டிக், டிக், டிக் என்று ஒரே சத்தம். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. எண்ணிக்கொண்டே நடந்தேன்.

முப்பத்திரண்டு.

திரும்பவும் எண்ணினேன். முப்பத்திரண்டுதான்.

நாற்பத்தெட்டாம் கொக்கியில் கூடை வைத்த ஒரு கறுப்பு லேடீஸ் சைக்கிள் தொங்கியது. அன்று மழையே இல்லை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டுக்கம்பி பிரிக்கப்பட்டு, வளையமாகச் சுருட்டிக் கீழே வைக்கப்பட்டிருந்தது. ஹேண்டில்பாரில் ஒரு பாதிச் சீட்டு. மஞ்சள் இல்லை, முன்பு புழக்கத்தில் இருந்த பழுப்புச் சீட்டு. கூடைக்குள் தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்று கிடந்தது. மூடி மட்டும்.

மற்ற சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் பெடல் சுற்றியது.

காற்றுக்குச் சக்கரம் சுற்றும். பெடலை யாராவது மிதித்தால்தான் சுற்றும். பக்கத்துப் பெட்டிக்கு ஓடிப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாருடையதும் இல்லை. கார்டம்மாவை வாக்கி டாக்கியில் அழைத்துச் சொன்னேன்.

“ஊர் போய்ச் சேர்றப்ப இருக்காது. தொடாதீங்க,” என்றார்.

இல்லைதான். கொக்கிக்கடியில் ஒரு குட்டைத் தண்ணீர் மட்டும் இருந்தது.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகு பிளாட்பாரப் பெஞ்சில் உட்காரவைத்து அவரே சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. அன்று நல்ல மழை, சுரங்க நிறுத்தத்தில் நாற்பது பேர் முண்டியடித்தார்கள். ஒரு பெண் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். பெட்டிக்காரன் சைக்கிளை எண்ணினான், சீட்டை எண்ணினான், இரண்டும் ஒத்துப்போனது. சரி என்றான்.

“சைக்கிள் ஏறிடுச்சுன்னா ஆளும் ஏறின மாதிரின்னுதான் எல்லாரும் நினைச்சோம். ஆளை எண்ணணும்னு யாருக்கும் தோணல,” என்றார். “நான்தான் கொடி காட்டினேன்.”

“அந்தப் பொண்ணு?”

“தன் சைக்கிள் போகுதேன்னு பின்னாடியே ஓடியிருக்கு. சுரங்கத்தைத் தாண்டினா அடுத்த ஸ்டேஷன்ல பிடிச்சிடலாம்னு. எதிர் லைன்ல கூட்ஸ் வந்து அடிச்சிடுச்சு.” மிட்டாயைக் கடித்து விழுங்கினார். “சைக்கிள் ஊர் வந்து சேர்ந்துச்சு இல்ல, அதனால ஆளும் வந்து இறங்கிட்டாங்கன்னு எழுதிட்டாங்க. மறந்து விட்டுட்டுப் போன சைக்கிள்னு ஓரமா நிறுத்தினாங்க. மூணாம் நாள்தான் தண்டவாளம் பாக்கப் போனவங்க கண்டுபிடிச்சாங்க. சுரங்கச் சுவர்ல ஆள் ஒதுங்கி நிக்க ஒரு பொந்து இருக்கும். அதுக்குள்ள ஊர்ந்து போய் உக்காந்திருந்தாங்க. ரெண்டு நாள் உயிரோட இருந்திருப்பாங்கன்னு டாக்டர் சொன்னார்.”

அந்த இரண்டு நாளும் எத்தனை ரயில்கள் அவள் முகத்துக்கு ஒரு முழத்தில் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்திருக்கக் கூடாது.

அடுத்த வாரத்திலிருந்து நானே ஒரு சட்டம் போட்டேன். சைக்கிளைக் கொடுத்தவர் சீட்டை வாங்கிய கையோடு உள்ளே ஏற வேண்டும். நான் முகத்தைப் பார்த்து எண்ணி, பக்கத்துப் பெட்டிக்கு அனுப்பி, நடுக்கதவைப் பூட்டிவிடுவேன். அந்த நிறுத்தத்தில் சைக்கிள் பெட்டியின் கதவு மட்டும்தான் திறக்கும், அதனால் ஏறினவர் இறங்க முடியாது. “ஜெயில்லகூட இவ்வளவு கெடுபிடி இருக்காதுங்க,” என்று ஒரு பல் டாக்டர் கேலி செய்தார். செய்யட்டும் என்று விட்டேன். வாராவாரம் அந்தக் கறுப்பு சைக்கிள் வந்து தொங்கியது, சொட்டியது, மறைந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் முகங்களை எண்ணினேன். மனிதன் எதற்கும் பழகிவிடுவான் போலிருக்கிறது.

என் மச்சான் அந்தச் சிவப்பு சைக்கிளை வாங்காமல் இருந்திருக்கலாம்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது, செருப்புக் கடையில் வேலை. அவனுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டார், அப்பா அதற்கு முன்பே. இவள்தான் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை, அவன்தான் அவளுக்குப் பிள்ளை. யார் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் ஓடிப்போய் ஒரு கை கொடுப்பான். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்கு காஸ் சிலிண்டரைத் தூக்கிப் போட்டவன் அவன்தான்.

“மாமா, உங்க ரயில்ல நானும் வரேன்,” என்றான்.

எனக்கு இஷ்டமில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பான். என் மனைவி வாசல்வரை வந்தாள். “எப்படிக் கூட்டிட்டுப் போறீங்களோ அப்படியே கொண்டு வந்து விட்டுடணும். எனக்குன்னு இவன் ஒருத்தன்தான்,” என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் “உன் தம்பியைத் தங்கத் தட்டுல வெச்சுக் கொண்டு வரேன்,” என்றேன்.

மலையில் அவனை இறக்கிவிடும்போது திரும்பத் திரும்பச் சொன்னேன். “சுரங்க ஸ்டேஷன்ல ஏறாதே. அதுக்கு முந்தின ஸ்டேஷன்ல வந்து நில்லு.”

“சரி மாமா.”

மாலையில் முந்தின ஸ்டேஷனில் அவன் இல்லை. மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. மேல் சுரங்கத்தைத் தாண்டி நிறுத்தத்தில் நின்றபோது, விளக்கடியில் பத்தொன்பது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவனாக அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“செயின் அறுந்துபோச்சு மாமா. தள்ளிக்கிட்டே வந்தேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. அவன் சைக்கிளைத்தான் முதலில் வாங்கி இருபதாம் கொக்கியில் மாட்டினேன். சீட்டு எழுதிக் கையில் திணித்து உள்ளே இழுத்துப் போட்டேன். “ஒண்ணு,” என்று எண்ணினேன். பிறகு மற்ற பதினெட்டுப் பேரையும் முகம் பார்த்து எண்ணி, பக்கத்துப் பெட்டிக்கு அனுப்பி, நடுக்கதவைப் பூட்டினேன்.

அவனை மட்டும் அனுப்பவில்லை.

வீட்டு ஆள்தானே, என் கூடவே இருக்கட்டும் என்று நினைத்தேன். சுவரோரம் எனக்கென்று இருந்த மடக்கு இருக்கையில் உட்காரவைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முன்கதவோரம் ஒரு பெல்ட் சிக்கிக்கொண்டது. குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன். கூரையில் மழை அடித்தது. வாக்கி டாக்கியில் கார்டம்மா கூப்பிட்டார். அதே நேரத்தில் எனக்குப் பின்னால் அவன் ஏதோ சொன்னான். “ஒரு நிமிஷம் மாமா” என்றது மட்டும் காதில் விழுந்தது.

“ம்,” என்றேன்.

“சைக்கிள் பெட்டி, சரியா?”

இருபதாம் கொக்கியைப் பார்த்தேன். சிவப்பு சைக்கிள் தொங்கியது. எண்ணிக்கை பத்தொன்பது.

“சரி,” என்றேன்.

கதவுகள் மூடின. வண்டி நகர்ந்தது. பெல்ட்டைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தேன். இருக்கையில் ஹெல்மெட் மட்டும் இருந்தது.

“மச்சான்?”

பெட்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. நாற்பத்தெட்டாம் கொக்கியில் கறுப்பு சைக்கிள் தொங்கியது. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. காய்ந்து, துடைத்துவைத்தது போல் இருந்தது. பெடல் அசையவில்லை. கூடைக்குள் மூடியைக் காணோம்.

அப்போதுதான் கேட்டது.

வண்டிக்கு வெளியே யாரோ ஓடி வரும் காலடிச் சத்தம்.

ஜல்லியில் வழுக்கி, விழுந்து, எழுந்து ஓடும் சத்தம். பெட்டியின் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்கள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

“மாமா.”

கூப்பிட்ட குரலில் பயம்கூட இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவன் கூப்பிடுவது போலத்தான் இருந்தது, கொஞ்சம் நிறுத்துங்க என்பது போல. நான் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன். வண்டி சுரங்கத்தை விட்டு வெளியே போய்த்தான் நின்றது.

நடுக்கதவின் கண்ணாடி வழியாகப் பல் டாக்டர் பார்த்திருக்கிறார். “அந்தத் தம்பி பின்கதவு வழியா இறங்கினாரே. வெளியில ஒரு லேடி சைக்கிளைத் தூக்க முடியாம நின்னுக்கிட்டிருந்தாங்க. பாவம்னு கை குடுக்கப் போனார்,” என்றார்.

டார்ச்சுகளை எடுத்துக்கொண்டு நானும் கார்டம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் திரும்பிச் சுரங்கத்துக்குள் நடந்தோம். ஒவ்வொரு பொந்தாகப் பார்த்தோம். அவன் எங்கும் இல்லை. நடுவில் ஒரு பொந்தில் தண்ணீர் பாட்டில் ஒன்று விளிம்புவரை நிரம்பி நின்றது. மூடி போட்டிருந்தது. கார்டம்மா அதைப் பார்த்ததும் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அடுத்த நாளே அவர் வேலையை விட்டுவிட்டார்.

நான்கு நாள் தேடினார்கள். ரத்தமோ, சட்டைத் துண்டோ, செருப்போ எதுவும் கிடைக்கவில்லை. எதிரில் அன்று எந்த வண்டியும் வரவில்லை.

விசாரணையில் கேட்டார்கள். “ஏறினதைப் பார்த்தேன். கதவு மூடுறதுக்குள்ள என்கிட்ட சொல்லாம இறங்கியிருக்கணும்,” என்று எழுதிக் கொடுத்தேன். பல் டாக்டர் அந்த லேடியைப் பற்றிச் சொன்னதை மழையில் சரியாகத் தெரிந்திருக்காது என்று தள்ளிவிட்டார்கள். நான் சொன்ன ‘ம்’ மட்டும் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “கண்ணால பாத்தீங்களா, அவன் ஏறினதை?” பார்த்தேன் என்றேன். அது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதைவிடக் கேவலமான ஒரு உண்மையை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

சிவப்பு சைக்கிளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து வீட்டு நடையில் நிறுத்தினேன். செயின் இல்லாத சைக்கிள். அவள் தினமும் துடைக்கிறாள்.

நான் மாற்றல் கேட்கவில்லை. முன்னவனைப் போல ஓடிப்போகலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மூன்று நிமிடத்துக்காக ஆறு நாளும் உயிரோடு இருக்கிறேன். நாற்பத்தெட்டாம் கொக்கி இப்போது காலியாகவே இருக்கிறது, அதில் எதுவும் வருவதில்லை. இருபதாம் கொக்கியை நான் காலியாக விடுகிறேன். கீழ்ச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் அதில் சிவப்பு சைக்கிள் தொங்குகிறது. தண்ணீர் சொட்டுகிறது. செயின் இல்லாமலே பெடல் சுற்றுகிறது. ஜல்லியில் காலடி கேட்கிறது. தகரத்தில் கை அடிக்கிறது.

ஒரு தடவை நான் இறங்கி நின்று பார்த்தேன். வண்டியை அனுப்பிவிட்டுச் சுரங்கத்துக்குள் முழுக்க நடந்தேன், பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. நான் அவனை விட்டுவிட்டுப் போகும்போது மட்டும்தான் அவன் வருகிறான்.

போன ஞாயிறு வீடு திரும்பியபோது மணி எட்டரை. நடையில் அவள் குந்தி உட்கார்ந்து சிவப்பு சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே பழைய துணி விரித்திருந்தது. துணி முழுக்க ஈரம்.

“ஞாயித்துக்கிழமை ஆனா இது நனைஞ்சுபோகுதுங்க,” என்றாள், நிமிராமல். “நான் சொல்லல, நீங்க பயந்துடுவீங்கன்னு. ஆறு மாசமா நனையுது.”

நான் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கினேன்.

“இன்னைக்கு இதுவும் இருந்துச்சு.” ஹேண்டில்பாரைக் காட்டினாள். ஒரு மஞ்சள் பாதிச் சீட்டு கட்டியிருந்தது. அன்றைய தேதி, சுரங்க நிறுத்தம். என் கையெழுத்து. பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அன்று இருபத்தாறு பேருக்கு எழுதினேன். இருபத்தேழு கிழிந்திருந்தது.

“நீங்கதானே எழுதினீங்க?”

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய.

“அப்ப அவன் வந்து நின்னிருக்கான். சைக்கிளை வாங்கி மாட்டிட்டு அவனை ஏத்தாம வந்துட்டீங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “மறுபாதி அவன் கையிலதானே இருக்கும்?”

அவள் அந்தச் சீட்டை அவிழ்த்து, ஈரம் போக ஊதி, தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்து அவனுடைய துண்டையும் ஒரு மாற்றுச் சட்டையையும் எடுத்து வந்து பையில் அடுக்கினாள்.

“அடுத்த ஞாயிறு நானும் வரேன். நீங்க வண்டியிலயே இருங்க. நான் இறங்கி அவனை ஏத்திவிடுறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கை கொடுக்க இறங்குகிறவர் அங்கேயே நின்றுவிடுகிறார், அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் ‘ம்’ என்றதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொன்னாலும் அவள் நிற்கப்போவதில்லை. தம்பிக்குப் பதிலாக என்றால் இன்னும் வேகமாக இறங்குவாள். எனக்குத் தெரியும்.

நான் சீட்டுப் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அவள் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனாள். இருட்டில், செயின் இல்லாத அந்த சைக்கிளின் பெடல் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

இன்று சனிக்கிழமை. அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.